விமானத்துக்கு மிளகு ஏற்றிய கதை

என் கணவர் விமானம் வாங்கப் போனார் என்றால் இன்றைக்கும் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவரைப் பிடித்துத் தள்ளியதே நான்தான்.

மாத்தளையில் எங்களுக்கு மிளகுக் கடை. வாரத்தில் பாதி நாள் அவர் தாமே லொறி ஓட்டிக் கொழும்புக்குச் சரக்குக் கொண்டுபோவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்காக மட்டும் உலை வைப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. சில நாள் சமைக்காமலே படுத்துவிடுவேன். அப்போதுதான், சீமைக்குத் திரும்பவிருந்த தோட்டத்துரை ஒருவர் தமது சின்ன விமானத்தை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். ஓட்ட ஒரு பைலட்டைச் சம்பளத்துக்கு வைத்தால், சரக்கோடு காலையில் போய் மாலையில் வந்துவிடலாம் என்றார் இவர். எனக்கு அது போதும். வாங்குங்கள் என்று நச்சரிக்கத் தொடங்கினேன்.

விமானம் சீகிரியாவில், மலைக்குப் பக்கத்துத் திடலில் நின்றது. பார்க்கப் போன அன்று லொறியில் மிளகு மூட்டைகளையும் பெரிய தராசையும் ஏற்றினார்.

"இதெல்லாம் என்னத்துக்குங்க?"

"லோட் ஏத்திப் பாக்காம எவனாவது வண்டி வாங்குவானா?"

எங்கள் வியாபாரிகளின் வழக்கம் அது. மாட்டுவண்டியானாலும் சரக்கேற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் பேச்சை முடிக்கமாட்டார்கள்.

மூட்டைகளைக் கண்டதும் துரைக்குக் கோபம் வருமென்று நினைத்தேன். அவரோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இவரையே தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தார். என் கணவர் நல்ல சாப்பாட்டுக்காரர். துரை தோட்டத் தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "மொளகு ஏறினா முதலாளி எறங்கணும். முதலாளி ஏறினா மொளகு எறங்கணும்."

இவர் முகம் வாடிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. அதைப் பார்த்தாரோ என்னவோ, "மொளகும் வேணாம், நானும் வேணாம் தொரை. இவள ஏத்தி ஒரு சுத்துக் காட்டுங்க" என்றார்.

பிஸ்மி சொல்லி ஏறினேன். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் சீகிரியா மலையை நான் குனிந்து பார்த்தேன்! பயம் தெளிந்து திடலைத் தேடினால் அங்கே லொறி, பக்கத்தில் இவர், தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு, தன்னந்தனியாக. வாராவாரம் இவரும் தனியாகத்தானே போகிறார், எங்கோ ஒரு கடையில் தனியாகத்தானே சாப்பிடுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பும் வழியில் நாலந்தாவில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். லொறிக்கே தேநீர் வந்தது. அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த இருக்கையைத் தட்டிக் காட்டினேன்.

"பிளேன்ல எடமில்ல, சரி. இந்த சீட்டு எத்தன வருஷமா சும்மா கெடக்கு?"

கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கொழும்பு வரைக்கும் குலுங்கும். தாங்குவியா?"

"ஆகாயத்துல குலுங்கினத விடவா?"

அடுத்த வாரம் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் சோற்றுப் பொதி இருந்தது, இரண்டு பேருக்கும்.