இரண்டாவது பிரேக்

பயிற்சிக் காரில் ஸ்டீயரிங் இல்லாத பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும்வரைதான் அவர் மாஸ்டர். கீழே இறங்கிவிட்டால், மனைவியின் தம்பி நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்கு இருக்கும், ஐம்பத்து மூன்று வயதான, யாரும் அபிப்பிராயம் கேட்காத ஒரு ஆள். இது அவருக்கே தெரியும் என்பதால் முடிந்தவரை இறங்கமாட்டார்.

அந்த சீட்டுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பிரேக் உண்டு. படிக்க வந்தவர் தடுமாறினால் மாஸ்டர் மிதிப்பதற்காக வைத்தது. படிக்க வருகிற எல்லாருமே தடுமாறப் பிறந்தவர்கள் என்று மாஸ்டர் முடிவு கட்டி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆகவே காலை ஆறு மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை அவருடைய வலது கால் அந்தப் பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே, குதிகால் தரையில் படாமல், விரல்நுனியை நீட்டிக்கொண்டு தொங்கும். நாய் குறுக்கே வந்தால் மிதிப்பார். வரலாம் என்று தோன்றினால் அதற்கும் மிதிப்பார். பல் டாக்டர், பூக்கடைக்காரர், கல்யாணம் நிச்சயமான பெண் என்று எத்தனையோ பேர் அவரிடம் வண்டி படித்தார்கள். ஒருவர்கூட சொந்தக் காலால் வண்டியை நிறுத்தியதில்லை.

"உங்கள நம்பி விட்டா நாலு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்," என்பார்.

குரக்களி பிடித்தது இந்தக் காலைத்தான். முதலில் மாதம் ஒருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை, இப்போது தினமும். பாதத்துக்கு அடியில் யாரோ கயிறு முறுக்குவது போலிருக்கும். கட்டைவிரல் ஒரு திசையிலும் மற்ற விரல்கள் வேறு திசையிலும் மடங்கிக்கொள்ள, கெண்டைக்கால் கல்லாகிவிடும். உடனே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்குவார். "டயர்ல காத்து கம்மி மாதிரி தெரியுது," என்று நொண்டிக்கொண்டே நாலு டயரையும் சுற்றி வந்து உதைத்துப் பார்ப்பார். டயர்மேல் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பாசமா என்று படிக்க வந்தவர்கள் வியந்தார்கள்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. மச்சினன் ஒருநாள் ஆபீசில் வைத்துத் தெளிவாகவே சொல்லியிருந்தான்.

"மாமா, கண்ணோ காலோ கொஞ்சம் சரியில்லன்னாலும் சொல்லிடுங்க. இங்க உக்காந்து லைசென்ஸ் ஃபாரம் எழுதுங்க. ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா நாம ரெண்டு பேரும் சேந்துதான் கம்பி எண்ணணும்."

ஃபாரம் எழுதுகிறவரை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடப்போவதில்லை. அது போதும், வாயைத் தைத்துக்கொள்ள.

வலிக்குக் காரணத்தை அவரே கண்டுபிடித்தார். உருளைக்கிழங்கு. வாயு சேர்ந்து நரம்பைச் சுருட்டுகிறதாம். ஆறு மாதம் வீட்டில் உருளைக்கிழங்கு நுழையவில்லை. குரக்களி மட்டும் தவறாமல் நுழைந்தது. அடுத்தது மின்விசிறி. அதற்கடுத்து தரையில் பதித்த கல். கடைசியில், பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூல்காரனின் கண் பட்டுவிட்டது. தன் காலைத் தவிர உலகத்தில் எல்லாவற்றின் மேலும் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை மெஷினில் கொடுத்து மடித்து அடுக்குகிற வேலை. "எட்டு மணி நேரம் நிக்கறேன், எனக்கு வரல. உக்காந்திருக்கற மகராசனுக்கு வருதாம்," என்று சொல்லி ஒருநாள் அவரை இழுத்துக்கொண்டுபோய் அங்கேயே டாக்டரிடம் காட்டினாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால், காலை எப்படி வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார் என்று கேட்டாள். உட்கார்ந்து காட்டினார். தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்றாள்.

"மத்தியானம் வரைக்கும் ஒரு டம்ளர்."

"ஏன் சார்?"

"கடை கடையா இறங்கி பாத்ரூம் எங்க இருக்குன்னு கேக்கச் சொல்றீங்களா?"

அடுத்து ஷூவைக் கழற்றச் சொன்னாள். மெல்லிய அடிப்பாகம், கூர்மூக்கு, ஒரு அளவு சின்னது. அப்போதுதான் பிரேக் காலோடு பேசும் என்பது மாஸ்டரின் சித்தாந்தம். உள்ளே விரல்கள் கூட்டத்தில் மாட்டிய ஜனங்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ரத்தப் பரிசோதனையில் குற்றம் எதுவும் இல்லை. பிரஷருக்குப் போடுகிற மாத்திரை நீரைப் பிரிக்கிற வகை, அதுவும் காரணமாக இருக்கலாம், மாற்றித் தருகிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றாள். பிறகு எழுந்து சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்திக் காட்டினாள். தினமும் மூன்று வேளை. "முக்கியமா, கால அந்தரத்துல வைக்காதீங்க சார். எந்தச் சதையும் ஏழு மணி நேரம் அப்படித் தாங்காது."

வெளியே வந்ததும் மாஸ்டர் மருந்துச் சீட்டை நாலாக மடித்தார். "செவுத்தத் தள்றதுக்கு இவ டாக்டருக்குப் படிச்சாளாம்."

"தள்ளிப் பாருங்க. உங்க மண்டைய விட அது சீக்கிரம் நகரும்," என்றாள் மனைவி.

மாற்றி எழுதிய மாத்திரையை அவர் வாங்கவே இல்லை.

கணக்கு டீச்சர் ஒருத்தி அவரிடம் நாற்பது வகுப்பு முடித்திருந்தாள். டெஸ்டில் இரண்டு முறை ஃபெயில். அங்கே பக்கத்தில் உட்காரும் அதிகாரி பிரேக் மிதிக்கமாட்டார் அல்லவா, வண்டி நிற்காமல் போய்க் கம்பத்தில் முட்டியது.

"மாஸ்டர், நான் கால வைக்கறதுக்குள்ள வண்டி நின்னுடுது. எனக்கு எப்ப வரும்?"

"வராது. அதனாலதான் நான் இருக்கேன்."

மறுநாள் காலை, டீச்சர் ஓட்ட, மார்க்கெட் சரிவில் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ரொட்டி வேன் ஒன்று திடீரென நின்றது. மாஸ்டர் மிதிக்கப் போனார். பாதம் சுருண்டது. விரல்கள் எழவில்லை, கெண்டைக்கால் இறுகியது, ஷூவின் மூக்கு பிரேக்கின் ஓரத்தில் பட்டு வழுக்கியது. ஹேண்ட்பிரேக் பக்கம் போகவேண்டிய கை காலைப் பிடிக்கப் போயிற்று. வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. ரொட்டி வேனின் பின்கதவில் ஒட்டிய விலைப்பட்டியலைப் படிக்கிற தூரம் வந்துவிட்டது.

வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. இடையில் ஒரு சாண் இருந்தது.

டீச்சர் பெடலின் மேலிருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாஸ்டர், இன்னிக்கு நீங்க மிதிக்கலதான?"

அவர் இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். கண்ணில் தண்ணீர்.

"ஷூவக் கழட்டுங்க. குதிகாலுக்கு முட்டுக் குடுத்து, விரல உங்க முகத்துப் பக்கமா இழுங்க. மெதுவா. எங்க ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல பசங்களுக்கு இப்படித்தான் பண்ணுவோம்."

ஏழாம் வகுப்புப் பையனைப்போல விரலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் சிக்னலில் ஒருமுறை, திருப்பத்தில் ஒருமுறை தானாகவே நிறுத்தி, வண்டியை டிரைவிங் ஸ்கூல் வாசலில் கொண்டுவந்து விட்டாள்.

மச்சினன் வாசலில் நின்றிருந்தான். "என்ன மாமா, ஷூவக் கையில வச்சிருக்கீங்க?"

டயர் என்று சொல்ல நாக்கு எழுந்தது. பக்கத்தில் டீச்சர் இருந்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்பதைவிட, சொல்லாமல் பரிதாபப்பட்டுவிடுவாள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"கால் புடிச்சுக்கிச்சு. ஒரு வருஷமா இருக்கு. இன்னிக்கு மிதிக்க முடியல. டீச்சர்தான் நிறுத்தினாங்க."

மச்சினன் அவரைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தான். "நீங்களா நிறுத்தினீங்க?" என்றான், கிணற்றில் விழுந்த பசு தானே ஏறி வந்ததைக் கேட்டவன்போல. பிறகு மாமாவுக்குத் தீர்ப்புச் சொன்னான். "ஒரு மாசம் ஃபாரம் எழுதுங்க. டாக்டர் சொன்னது எல்லாம் செய்யணும். கால் சரியாச்சுன்னு அவங்க எழுதிக் குடுத்தா சீட் உங்களுக்கு. இல்லன்னா இல்ல."

அந்த மாதம் முழுக்க மாஸ்டர் சுவரைத் தள்ளினார். தண்ணீர் குடித்தார், பக்கத்துக் கடையில் பாத்ரூம் சாவி கேட்டார், புது மாத்திரை போட்டார், மனைவி வாங்கிவந்த அகலமான கான்வாஸ் ஷூவில் வாத்துபோல நடந்தார். ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே செய்தார். இரண்டாவது வாரம் குரக்களி இரண்டுமுறை வந்தது. அதற்கப்புறம் வரவில்லை. அது போனதுகூட அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. இடையில் டீச்சர் டெஸ்டில் பாஸாகி, அவர் கையாலேயே ஒரு ஃபாரம் எழுதி வாங்கிக்கொண்டு போனாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தாள். சீட் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. குதிகால் தரைவிரிப்பில்தான் இருக்கவேண்டும்.

முதல் நாள் வந்தவர் ஒரு கடிகாரக் கடைக்காரர். எதிரே குப்பை லாரி. மாஸ்டரின் கால் துடித்தது. குதிகாலை விரிப்பில் அழுத்திக்கொண்டார். கடிகாரக்காரர் கடைசி நொடியில் மிதித்ததில், இருவர் தலையும் முன்னால் போய்த் திரும்பியது.

"நீங்க இருக்கீங்கன்னு நினைச்சேன் மாஸ்டர்," என்றார் கடிகாரக்காரர், வெளுத்த முகத்தோடு.

"நான் எதுக்கு இருக்கணும்? பிரேக்க அவங்கவங்கதான் மிதிக்கணும். என் பாடமே அதுதான்," என்றார் மாஸ்டர், கொஞ்சமும் கூசாமல். "வண்டிய எடுங்க."