சட்டைத் தூசி ஒட்டிய சுவர்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் அப்போது நாங்கள் இருந்தது, கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த, மூங்கில் தட்டிக்கு மண் பூசிய லைன் வீடு. சர்வே துரையோடு சுரங்கத்தில் இறங்கி அளவுகளை எழுதுவது என் வேலை. வீடு திரும்பியதும் அன்று பார்த்த பாறையை மனைவிக்குச் சொல்வேன்: கருப்புக்கு நடுவே வெள்ளை எத்தனை அங்குலம், பச்சை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று.

அவள் அதைச் சுவரில் பூசத் தொடங்கினாள். கரியும் சாணமும் பிசைந்த கருப்பு, கிணற்று மேட்டின் மஞ்சள் மண், அவரை இலைச் சாறு, சுண்ணாம்பு. விரலால் இழுத்த வரப்புகள் காய்ந்து, தொட்டால் பாறை போலவே நெருடின. உருவம் என்று எதுவும் கிடையாது. வெள்ளைப் பட்டை நான் சொன்னதைவிட அகலம்.

"அளவு தப்பு," என்றேன்.

"உங்க அளவு நோட்டுல இருக்கட்டும். இது என் பாறை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருட்டுத் தங்கம் தேடி வீடு வீடாக வந்த காவல் ஜமேதார் அந்தச் சுவர் முன் நின்றார்.

"இன்னாம்மா இது? சாமியும் இல்ல, பூவும் இல்ல. மாடு முட்டின செவுரு மாதிரி கீது."

"மாடு முட்டினா இவ்ளோ அழகா வருமா, ஜமேதாரய்யா?"

சிரித்தவர் குனிந்தார். வெள்ளைப் பட்டையில் ஏதோ மினுமினுத்தது. நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"கீழ இருந்து வந்த பொடியாச்சே. யாரு எடுத்தாந்தது?" என்று என் பக்கம் திரும்பினார்.

சுரங்கத்துப் பொடி வீட்டில் அகப்பட்டால் வேலை போகும், வீடு போகும், ஜெயிலும் உண்டு. நான் ஒரு சிட்டிகைகூட எடுத்து வந்தவனில்லை.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் அவள். "தொவைக்கறதுக்கு முன்னாடி அவரு சட்டைய ஈர செவுத்து மேல ஒதறுவேன். அவ்ளோதான்." கொடியில் கிடந்த நேற்றைய சட்டையை எடுத்து அவர் எதிரிலேயே உதறினாள். வெயிலில் தூசி மின்னியது. "இதுக்கும் கேஸா? அப்போ சுரங்கத்து ஷாப்ட் வாசல்ல நிக்கிறீங்களே, உங்க தலப்பாவயும் ஒதறுங்க."

ஜமேதார் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மூடிடும்மா. நாளைக்கு சோதனை போட வர்ற போலீஸ் துரை இதெல்லாம் கேக்க மாட்டான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வெள்ளையை மட்டும் மூடினால் போதாதா?" என்றேன்.

"அது இல்லன்னா பாறையே இல்லீங்க."

பகலுக்குள் முழுச் சுவரையும் சாணமிட்டு மெழுகிவிட்டாள். மறுநாள் முதல் சட்டையை நானே வெளியில் உதறினேன். அவள் பூசிய அந்த வெள்ளைப் பட்டை எவ்வளவு அகலம் என்று, தினமும் நான் எழுதிவரும் நாட்குறிப்பில் தேடினேன். அளவு தப்பு என்று எழுதியிருந்தேன். அளந்திருக்கவில்லை.