ஏறி வந்தவர்களுக்கும் ஒரே முறை

அப்பாவுக்குக் கொல்லிமலையில் ஆசிரியர் வேலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நாங்கள் மலையேறி வந்த இரண்டாவது கோடையில் மழை பொய்த்தது. வாசலூர்பட்டிக்கு அப்பால் இருந்த எங்கள் சிற்றூரின் ஊற்று நூலாக இளைத்துவிட்டது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைக்க ஊர் கூடியது. அங்கே வாடகைக்கு இருந்தது நாங்கள் மட்டும்தான். வேதக்கார வீடும், அதாவது கிறிஸ்தவ வீடும், எங்களுடையது ஒன்றுதான்.

"ஊர்க்காரங்களுக்கே பத்தலீங்க. வந்தவங்க வேணும்னா லாரித் தண்ணி வரவழைச்சுக்கட்டுமுங்க" என்றார் ஓர் இளைஞர்.

கைக்குழந்தையான தம்பியை அம்மா இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அப்போது எங்களுக்கு வீடு கொடுத்திருந்த அம்மாள் எழுந்தார்.

"ஏனுங்க, நம்ம முன்னோருங்க இங்கயே மொளச்சாங்களா? காஞ்சியில இருந்து பொழைக்க ஏறி வந்தவங்கதானுங்களே! அன்னைக்கு இந்த ஊத்து, நீ யாருன்னு கேட்டுச்சுங்களா? நமக்கொரு முறை, வந்தவங்களுக்கொரு முறையெல்லாம் வேண்டாமுங்க."

கடைசியில் அந்த இளைஞரே, "செரிங்க, எங்கூட்டுக்கு அடுத்தது வாத்தியாரூடு" என்றார்.

அன்று மாலை ஜெபத்தில் அப்பா மோசேயின் சட்டங்களைத் திறந்தார். இஸ்ரவேலர் நடுவே குடியிருந்த அந்நியருக்கு நிலத்தில் பங்கில்லையாம். ஆனால் ஓய்வுநாளில் அவர்களுக்கும் ஓய்வு. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டைத் திரும்பிப்போய் எடுக்கக் கூடாது. அது அவர்களைப் போன்றவர்களுக்கு. அவர்களுடைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும். கைத்தவறுதலாய்க் கொலை செய்தவன் ஓடிப்போய்ப் புகும் அடைக்கலப் பட்டணங்களின் கதவு அவர்களுக்கும் திறக்கும். பிறந்தவனுக்கும் வந்தவனுக்கும் ஒரே சட்டம்.

"ஏன்னா இஸ்ரவேலரும் எகிப்துல அந்நியரா இருந்தவங்கதான்" என்றார் அப்பா.

பட்ட பாட்டைப் பழிவாங்கக் காரணமாக்காமல் சட்டமாக்கிக்கொண்ட அந்தப் பழைய ஜனங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். அன்றோ, அந்த அந்நியர்கள்மேல் பரிதாபம் மட்டுமே வந்தது.

"அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்கப்பா?"

அப்பா வேதாகமத்தை மூடினார். அம்மாதான், "ஏட்டி, குடத்தை எடு. நம்ம முறை வந்துட்டு" என்றாள்.

பாவம், அவர்களுக்கும் யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்களா என்று கவலைப்பட்டபடியே நான் குடத்தோடு ஊற்றுக்கு ஓடினேன்.