நீலக் காகித மிட்டாய்

எங்கள் பள்ளியில் பிறந்த நாள் என்றால் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வரலாம். பிறந்த நாள்காரி மிட்டாய் டப்பாவைத் தூக்க ஒரே ஒரு தோழியைக் கூப்பிடுவாள். முதலில் எங்கள் வகுப்பு, பிறகு மற்ற வகுப்பு டீச்சர்கள். கூடப் போகிறவளுக்கு அன்று கணக்குப் பாடம் கிடையாது. அவள்தான் நெருங்கிய தோழி என்று ஊருக்கே தெரிந்துவிடும். என் பிறந்த நாள் மே மாத விடுமுறையில் வந்து தொலைக்கும். டப்பா தூக்குவது ஒன்றுதான் எனக்கு இருந்த வழி.

என் உயிர்த்தோழியும் நானும் பெங்களூர் நீலசந்திராவில் ஒரே தெரு. மழை வந்தால் ஒரே குடை, அதுவும் என் குடை. ஆறாம் வகுப்பில் அவள் பிறந்த நாளன்று, எப்படியும் என்னைத்தான் கூப்பிடுவாள் என்று கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸெல்லாம் தேய்த்துக்கொண்டு போனேன். அவள் கூப்பிட்டது பணக்காரர்கள் இருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வரும் பெண்ணை.

இரண்டு பேரும் பெஞ்ச் பெஞ்சாக வந்தார்கள். நீலக் காகிதம் சுற்றிய மிட்டாய். அவள் அப்பா ஏதோ பெரிய பேக்கரியில் வாங்கியது. எங்கள் தெருக் கடையில் தேன் மிட்டாயைத் தாண்டி எதுவும் வராது. இதை நான் பார்த்ததே அன்றுதான்.

"எடுத்துக்கடி."

"வேணாம். பல்லு வலிக்குது."

"அப்ப வூட்டுக்கு எடுத்துனு போ."

"வேணாம்னு சொல்றேன்ல!"

கெஞ்சுவாள் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை. என் பங்கும் பின் பெஞ்சுக்காரிக்குப் போனது. அந்த மூன்று பேரில் யார் மேல் அதிகம் வயிறு எரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் என்னைத்தான் கூப்பிட்டாள். டப்பாவைத் திறந்தேன். ஏதோ பச்சைக் காகிதம்.

"அது இப்ப வர்றதே இல்லியாம். அப்பா எல்லாக் கடையிலயும் கேட்டாரு," என்றாள்.

டீச்சர்கள் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். போன வருஷம் அந்த ரிச்சர்ட்ஸ் டவுன்காரி நீல மிட்டாயைத் தின்றுகொண்டே இதே வராந்தாவில் நடந்திருப்பாள் என்பதுதான் மனதில் ஓடியது.

பல வருஷம் கழித்து, அவள் மகளின் முதல் பிறந்த நாளுக்குப் பழைய வகுப்புக்காரிகள் நாலு பேர் கூடினோம். பேச்சு அந்த மிட்டாயில் வந்து நின்றது. ஒருத்தி காபி ருசி என்றாள். இன்னொருத்தி, இல்லை, சுண்டக் காய்ச்சின பால் என்றாள். அந்த மாதிரி இனிமேல் வருமா என்று கண்ணை மூடி ஏங்கினார்கள். எனக்கு அந்த ஏக்கத்தின் மேலேயே பொறாமையாக இருந்தது. ஏங்குவதற்குக்கூட ஒரு தடவை தின்றிருக்க வேண்டுமே.

"நீ சொல்லு, உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்," என்றாள் அவள். என் பல்வலி அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"பல்லுல ஒட்டும்," என்றேன்.

"அய்யோ, ஆமா! கரெக்ட்!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கரெக்டாகத்தான் இருக்கும். அன்று மதியம் முழுக்க அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.