போறேன் என்று மட்டும் சொல்கிறவன்

என் மனைவியின் தம்பி ஜெயிலிலிருந்து வந்த மறுநாளே எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்காகச் சண்டை நடந்தது. வேலை தேடக் கிளம்பியவன் வாசலில் நின்று, "அக்கா, போறேன்" என்றான்.

அவள் அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். "என்னடா பேச்சு இது? போயிட்டு வரேன்னு சொல்லு."

"மாட்டேன்கா."

எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. காரணத்தைப் பிறகு என்னிடம் சொன்னான். உள்ளே இருப்பவர்களுக்கு அந்தச் சொல் ஆகாதாம். விடுதலையாகிறவன் வாய்தவறிக்கூட 'வரேன்' என்று சொல்லக் கூடாதாம். 'போறேன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டுமாம். இவனோடு இருந்த ஒரு பெரியவர் மரியாதைக்காக வார்டரிடம் "போயிட்டு வரேங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அடுத்த மழைக்காலத்துக்குள் அதே அறைக்குத் திரும்பிவிட்டார். "அதுக்கப்புறம் அந்த வார்த்தை எனக்கு வாய்லயே வர்றதில்ல மாமா" என்றான்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருக்கிற ஒரே அறையை இவனுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தோம். என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் தாளை நீட்டும்போதே, "மச்சான் எப்படி இருக்காரு?" என்று விசாரிப்பார்கள். அக்கறையாவது மண்ணாவது, வம்புக்கு அலைகிற வாய்கள். கொள்ளையடிக்கப் போனவர்களுக்கு வண்டி ஓட்டியவன் என்று ஊருக்கே தெரியும். நன்னடத்தைக்காகச் சில வருஷம் முன்னதாகவே வெளியே விட்டிருந்தார்கள். இவன் மேல் ஒரு புகார் பதிவானால் போதும், மிச்சக் காலத்தையும் உள்ளேதான் கழிக்க வேண்டும். என் மனைவி வாசலில் காலடிச் சத்தம் கேட்டாலே பயந்தாள்.

ஊர்க்கோடியில் இருந்த சலவை நிலையத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜுகளுக்கும் விரிப்பு துவைத்துக் கொடுக்கிற இடம். விடியும்போதே போய்க் கொதிகலனைப் பற்றவைப்பான். ஈர விரிப்பை உருளை இஸ்திரியில் சுருக்கம் விழாமல் இழுத்துக் கொடுப்பான். மத்தியானத்துக்கு மேல் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவான். முதலாளியம்மா கறார் பேர்வழி, சிரிப்பதற்கே யோசிப்பவர். அவரே ஒருமுறை, "நீ போறேன்னு சொல்றப்பல்லாம் எனக்குப் பக்குன்னு இருக்குப்பா. நாளைக்கு வருவியா, ஆள் தேடணுமா?" என்று கேலி செய்தாராம். இவன் சிரித்தானே தவிர, சொல்லை மாற்றவில்லை. இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

அப்புறம் பூனை வந்தான். பழைய கூட்டாளி. சத்தமில்லாமல் சுவரேறிக் குதிப்பான் என்பதால் அந்தப் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரன் மாதிரி எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தான்.

"உன் வேன் லாட்ஜ் பின்வாசல் வரைக்கும் போகுது. எவனும் தடுக்கிறதில்ல. ஒரே ஒரு சாயங்காலம் குடு."

"முடியாது. கிளம்பு" என்றான் மச்சான்.

"நீ குடுக்கலன்னா நானே எடுத்துக்குவேன். பழி யார் தலையில விழும்னு யோசிச்சுக்கோ."

அவன் போனதும், போலீசில் சொல்லிவிடலாம் என்றேன். மச்சான் வெளிறிப்போனான். "காட்டிக் குடுத்தவன்னு பேர் வந்துச்சுன்னா உயிரோட விடமாட்டானுங்க மாமா." எனக்கும் பயம்தான். போலீஸ் பேச்சை அத்தோடு விட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, காலையில் நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னாலேயே முதலாளியம்மா.

கொதிகலன் பற்றவைக்கவில்லையாம். கேட் திறந்து கிடக்கிறதாம். வேனும் இல்லை, மச்சானும் இல்லை. ஆனால் விடியும்போதே அவன் வீட்டிலிருந்து போனதை நான் பார்த்திருந்தேன். எங்கே போயிருப்பான்?

"இன்னும் புகார் எழுதலம்மா" என்றார் இன்ஸ்பெக்டர் என் மனைவியிடம். "இவங்கதான் முதல்ல வீட்டுல விசாரிக்கலாம்னு சொன்னாங்க. காலையில என்ன சொல்லிட்டுப் போனான்?"

முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு இவனை நம்பத்தான் ஆசை. ஒரு நல்ல பதில் கிடைத்தால் திரும்பிப் போய்விடுவார்.

என் மனைவி முந்தானையைக் கசக்கினாள். "வேலைக்குத்தான் சார் போனான். 'போயிட்டு வரேன்கா'ன்னு சிரிச்ச முகமா சொல்லிட்டுப் போனான்."

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆனது. ஒரு வருஷமாக எந்தச் சொல்லுக்காகத் தவம் கிடந்தாளோ, அதையே போய் அவன் வாயில் வைத்துவிட்டாள். முதலாளியம்மாவின் முகம் கறுத்தது.

"தினமும் என் எதிர்ல நின்னு போறேன்னு மட்டும் சொல்றவன். இன்னைக்கு மட்டும் வரேன்னு சொன்னானா? இவங்க எதையோ மறைக்கிறாங்க சார். புகார் எழுதிக்கோங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க சும்மா இருங்க" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

அந்த நேரம் பார்த்து வேன் தெருவுக்குள் திரும்பியது. ஓட்டி வந்தவன் மச்சான்தான். சட்டை கிழிந்திருந்தது, உதட்டில் ரத்தம். ஜீப்பைப் பார்த்தும் வண்டியைத் திருப்பவில்லை. நேராகக் கொண்டுவந்து நிறுத்தினான். தெருவே கூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"காலையில அக்காகிட்ட என்ன சொல்லிட்டுக் கிளம்பின?"

என் மனைவி அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணாலும் உதட்டாலும் கெஞ்சினாள். 'வரேன், வரேன்' என்று அவள் உதடு அசைவது எனக்கே தெரிந்தது, அவனுக்குத் தெரியாதா? அவளைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"போறேன்னு சொன்னேன் சார்."

"அக்கா வேற மாதிரி சொல்றாங்களே."

"அது பயத்துல சொல்லியிருக்கும் சார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வேலைக்குப் போனபோதே கேட் திறந்து கிடந்தது, வேனையும் சாவியையும் காணவில்லை. போன் செய்தால் தன்னைத்தான் சந்தேகிப்பார்கள் என்று நினைத்தான். ரயில் பாதைக்கு அப்பால் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில்தான் பூனை வேனை வைத்திருப்பான் என்று தெரியும். ஓடிப்போய்க் கட்டிப் புரண்டு மீட்டுவிட்டான். கிழிந்த சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போகத்தான் வீட்டுப் பக்கம் வந்தான். பூனையின் பெயரை அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னான்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. "கதை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"கதை இல்ல சார்" என்று முதலாளியம்மா குறுக்கே வந்தார். "பொய் சொல்லித் தப்பிக்க நினைக்கிறவன் அந்த அம்மா சொன்னதுக்கு ஆமான்னு தலையாட்டியிருப்பான். புகாரைப் பூனை மேல எழுதுங்க." சாவியை வாங்கி மச்சான் கையில் வைத்தார். "ஆஸ்பத்திரி விரிப்பு அப்படியே கிடக்கு. சாயங்காலத்துக்குள்ள போயாகணும்."

ஜீப் போனது. கூட்டம் கலைய மனமில்லாமல் கலைந்தது. என் மனைவி அழுதுகொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மச்சான் வேனில் ஏறினான், சாவி துவாரத்தில் நுழையவே இல்லை. நான் கடையை மறந்து, மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"நீங்க எதுக்கு மாமா?"

"பேசாம வண்டிய எடு மாப்ள."

அவனைத் தனியாக அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது. பூனை இன்னும் வெளியேதான் இருந்தான். ஒரு வருஷமாக இவன் எப்போது தொலைவான் என்று எண்ணிக்கொண்டிருந்த நான்தான் இப்படிப் பயந்தேன். வண்டி தெருமுனையைத் தாண்டியதும் அவன் அழுதுவிட்டான்.

"ஊர் முன்னாடி அக்காவப் பொய்காரி ஆக்கிட்டேனே மாமா."

"அட போடா. அவ பொய் சொன்னதுக்கா அழறா? மாட்டிக்கிட்டதுக்கு அழறா."

அழுதுகொண்டே சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் பக்கக் கண்ணாடிகளில் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தோம்.