இந்திராயணியில் மூன்று வால்

தளேகாவில், இந்திராயணி ஆற்றில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கிறேன். நான் கோவையில் விலங்கியல் ஆசிரியை. நீர்ப்பூச்சிகளைப் பார்த்து ஆற்றின் உடல்நிலையைச் சொல்வது என் பைத்தியம். காலையில் நகரத்துக்குள், போபோடியில் பார்த்த வேறோர் ஆற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டுமே இருந்தன. அவை சாக்கடையிலும் பிழைப்பவை. இங்கேயும் அப்படித்தான் என்றால் நோட்டில் என்ன எழுதுவது என்று பயமாக இருக்கிறது.

ஸ்டேஷனிலிருந்து அழைத்துவந்த ஆட்டோக்காரர் செல்வம், இங்கேயே பிறந்த தமிழர், கரையில் நின்று சிரிக்கிறார். "அக்கா, இங்க மச்லி கிடைக்காது. மார்க்கெட்ல மீன் வாங்கித் தரேன்."

ஒரு கல்லைப் புரட்டுகிறேன். அடியில் தட்டையான சின்னப் பூச்சி ஒன்று, மயிரிழை போன்ற மூன்று வால்களுடன் ஓடுகிறது. மேஃப்ளையின் இளம்பருவம்! அழுக்குத் தண்ணீரில் இது பிழைக்காது. கத்திக் குதித்ததில் வழுக்கி, இடுப்புவரை நனைகிறேன்.

"பாம்பா அக்கா?" செல்வம் செருப்போடு தண்ணீருக்குள் பாய்கிறார்.

"பூச்சிங்க! இந்த ஆறு உசுரோட இருக்கு!"

வெள்ளைத் தட்டில் அதை விட்டதும் குனிந்து எண்ணுகிறார். "ஏக், தோ, தீன். அட, மூணு வாலு!" பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அவரும் கல் புரட்டத் தொடங்குகிறார். அடுத்த பூச்சியைக் கண்டதும் அவர் போடும் கூச்சலில், துணி துவைக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

தூரத்தில் ரயில் ஊதுகிறது. "ஐயோ, என் லோக்கல்!" என்கிறேன்.

"போகட்டும் அக்கா, அடுத்தது வரும்," என்கிறார் தலை தூக்காமல். "இந்தப் பெரிய கல்ல ஒரு கை புடிங்க."