அப்பா கைதான கல்யாண மண்டபம்

அப்பா வருஷத்துக்கு ஒரு தடவையாவது கைதாவார். அன்றைக்கு அம்மா உலையில் அரிசியைக் கொஞ்சம் குறைத்துப் போடுவாள். மற்றபடி வீட்டில் எந்த மாற்றமும் இருக்காது. எதிர்க்கட்சியில் ஒன்றியப் பொறுப்பு அவருக்கு. மறியல் செய்தால் போலீஸ் வேனில் ஏற்றி, அரியலூரில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைப்பார்கள். சாப்பாடு போட்டுச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். சிறை என்பது மேளம் இல்லாத கல்யாணம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

நான்காம் வகுப்பு முடிந்த கோடையில் சித்தி எங்களோடு இருந்தார். அசர்பைஜானில் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைக்கப் போன சித்தப்பா, அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்ப வேலைக்குப் போயிருந்தார். சித்தியின் ஊர் பாகு. வெல்லப்பாகு ஊற்றிக் கட்டிய ஊர் என்று என் எண்ணம்.

மதியங்களில் சிமெண்ட் லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதி ஜன்னல் வழியே மெதுவாக இறங்கும். ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு சித்தி, தன் அப்பாவின் கட்சியைப் பற்றிப் பாதி தமிழிலும் பாதி கைகளாலும் சொல்வார்.

"கடல் பக்கம் பெரிய மைதானம். எல்லாரும் வந்தாங்க. நெருப்பு போட்டு ஒக்காந்தாங்க."

சோவியத் உடைந்துகொண்டிருந்த காலம். அந்த நெருப்பைச் சுற்றித்தான் கட்சி பிறந்ததாம். ஒரு வருஷம் போல நாட்டை ஆண்டதாம். பிறகு படையோடு ஒருவன் கிளம்பி வர, தலைவர் தன் மலைக் கிராமத்துக்குப் போய்விட்டார். அவர் இறந்தபின் கட்சி இரண்டாகப் பிளந்தது. தேர்தல்களில் தோற்றது. ஆபீஸ் பறிபோனது, கூட்டம் போட இடம் கிடைக்கவில்லை, சித்தியின் அப்பாவையும் ஒருதடவை பிடித்துக்கொண்டு போனார்களாம்.

"அப்பறம்?" என்பேன்.

"அப்பறமும் எங்க அப்பா கட்சி மாறல."

அதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். தூக்கத்தில் அந்தத் தலைவர் கிரீடத்தோடு மலையேறுவார். வேப்பந்தட்டைக்குப் போகும் வழியில் தெரிகிற பச்சைமலைதான் அது. அதன்மேல் பனி பெய்துகொண்டிருக்கும்.

ஊருக்குள் லாரிகள் கண்மூடித்தனமாக ஓடுவதைக் கண்டித்து ஒருநாள் மறியல். பகல் சாப்பாட்டு நேரத்தில் கட்சிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தாமலே குரல் கொடுத்தார்.

"அண்ணி, அண்ணன அரெஸ்ட் பண்ணிட்டாங்க!"

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அம்மா பூண்டு உரிப்பதைத் தொடர்ந்தாள்.

சித்திக்கு அரெஸ்ட் என்ற அந்த ஒரு வார்த்தை புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது. "மாமாவ எங்க வச்சிருக்காங்க அக்கா?"

"எங்கயும் போவ மாட்டாரும்மா. சாம்பார் சாதம் தின்னுட்டு வந்துருவாரு."

சித்தி கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து கம்பளி ஸ்வெட்டர், காலுறை, சோப்பு, சர்க்கரை, ரொட்டி எல்லாவற்றையும் துணியில் கட்டினார். சொல்லிப் பார்த்த அம்மா கடைசியில், "புள்ளயத் தொணைக்குக் கூட்டிட்டுப் போ, வழி தெரியாம நிப்ப" என்று என்னையும் அனுப்பினாள்.

மண்டபத்து வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் சித்தி மூட்டையை நீட்டினார். "உள்ள குடுங்க சார். அவரு பேரு எழுதிக்கங்க. எழுதிக்கங்க சார்."

அவர் பிரித்துப் பார்த்தார். கத்திரி வெயிலில் ஒரு ஸ்வெட்டர்.

"ஏம்மா, நாங்க என்ன ஊட்டிக்கா அனுப்புறோம்?"

உள்ளே படுத்திருந்தவர்கள் எழுந்து வந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெற்றிலை போட்ட வாயோடு அப்பாவும் கம்பிக் கதவுக்குப் பின்னால் வந்து சிரித்தார். "வூட்டுக்குப் போம்மா, வந்துருவேன்" என்றார். சித்தி போகவில்லை. எதிர்த்த வேப்பமரத்து நிழலில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

வெயில் தாழ்ந்ததும் கதவைத் திறந்தார்கள். கோஷம் போட்டபடி எல்லோரும் வெளியே வந்தார்கள்.

"சோறுதாம்மா கொஞ்சம் கொழஞ்சுபோச்சு" என்றார் அப்பா.

சித்தி மூட்டையைக் கீழே வைத்தார். அப்பாவின் கைகளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார், நகங்களைத் தடவினார், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிப் பார்த்தார். அப்பாவின் சிரிப்பு அடங்கியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோஷம் போட்டவர்களும் குரலைத் தணித்துக்கொண்டு எங்களை விட்டு ஒதுங்கிப் போனார்கள்.

அவர்கள் ஊரிலும் கைரேகை பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது கேட்கவும் செய்தேன்.

"சித்தி, அப்பாவுக்கு ஆயுசு கெட்டியா?"

"கெட்டி" என்று சொல்லிவிட்டு, சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.